டபுள் கிளிக் செய்தால் சத்தமே இல்லை, பிழை யாருடையது?

வெள்ளவத்தை_வாசி:
உபுண்டு 22.04. மருமகளுக்காகப் படம் வரையும் செயலி ஒன்றை ஆப்இமேஜாக (நிறுவாமலே ஓடும் ஒற்றைக் கோப்பு) இறக்கினேன். டபுள் கிளிக் செய்தால் சுட்டி ஒரு நொடி சுற்றுகிறது, அவ்வளவுதான், ஜன்னலும் இல்லை பிழைச் செய்தியும் இல்லை. இயக்க அனுமதியும் கொடுத்தாயிற்று. இப்படித்தான் லினக்ஸுக்கு ஆள் சேர்க்கப் போகிறீர்களா?

கொட்டாஞ்சேனைப்_பெங்குயின்:
கோபப்படாதீர்கள் அண்ணை. அதே கோப்புறையில் டெர்மினலை, அதாவது கட்டளை தட்டும் ஜன்னலைத் திறந்து, கோப்பின் பெயருக்கு முன்னால் புள்ளியும் சாய்கோடும் போட்டு ஓட விடுங்கள்.

வெள்ளவத்தை_வாசி:
லிப்ஃபியூஸ்.எஸ்ஓ.2 என்ற கோப்பு இல்லையாம்.

கொட்டாஞ்சேனைப்_பெங்குயின்:
நினைத்தேன். பழைய ஆப்இமேஜ்கள் தங்கள் உள்ளடக்கத்தைக் கோப்புறைபோல் திறந்துகொள்ள ஃபியூஸ் என்ற மென்பொருளின் 2ஆம் பதிப்பைக் கேட்கும், 22.04 முதல் அது கூடவே வருவதில்லை. லிப்ஃபியூஸ்2 பொதியை நிறுவுங்கள், 24.04 என்றால் பெயர் லிப்ஃபியூஸ்2டி64. கவனம், வெறும் ‘ஃபியூஸ்’ என்ற பொதியைப் போட்டுவிடாதீர்கள். அது ஃபியூஸ்3ஐத் தூக்கிவிட்டு டெஸ்க்டாப்பையே குழப்பிவிடலாம்.

வெள்ளவத்தை_வாசி:
ஓம், திறக்கிறது, நன்றி தம்பி. ஆனால் டெர்மினல் ஒரே வரியில் சொன்னதைக் கோப்பு மேலாளர் ஏன் விழுங்கியது?

கொட்டாஞ்சேனைப்_பெங்குயின்:
விழுங்கவில்லை. ஓட விடுவதோடு அதன் வேலை முடிந்தது, டெர்மினல் இல்லாவிட்டால் அந்த வரி பெரும்பாலும் கணினியின் பதிவேடான ஜர்னலில் போய் விழும். நன்றாக ஓடும் செயலியே எச்சரிக்கைகளைக் கொட்டிக்கொண்டிருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஜன்னல் திறந்தால் தாங்குவீர்களா?

தெஹிவளைச்_சோம்பேறி:
அவர் எச்சரிக்கையையா கேட்டார்? தொடங்கிய உடனே பிழைக் குறியோடு செத்துப்போனதை மட்டும் சொல்லலாமே. விண்டோஸில் ஒரு டிஎல்எல் காணவில்லை என்றால் அதன் பெயரோடு பெட்டி வருகிறது.

கொட்டாஞ்சேனைப்_பெங்குயின்:
சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் திறக்க மறுப்பதெல்லாம் கோளாறு இல்லை. டெஸ்க்டாப் கோப்பு (செயலியைத் திறக்கும் குறுக்குவழி) ஒன்றுக்குப் பிடிஎஃப் வேஷம் போட்டு அனுப்பினால், டபுள் கிளிக்கிலேயே உள்ளிருக்கும் கட்டளை ஓடும் என்ற ஓட்டையை நாட்டிலஸ் என்ற கோப்பு மேலாளரில் 2017இல்தான் அடைத்தார்கள். அப்புறம்தான் ‘இதை நம்புகிறீர்களா’ என்று கேட்கத் தொடங்கியது.

தெஹிவளைச்_சோம்பேறி:
கேட்கட்டும், யார் வேண்டாம் என்றது? வாய் மூடிக்கொண்டு நிற்பதைத்தான் சொல்கிறேன்.

வெள்ளவத்தை_வாசி:
சண்டை நடக்கட்டும். நாளைக்கு இதைப் பென் டிரைவில் போட்டு அக்கா வீட்டுக்குக் கொண்டுபோகிறேன்.

தெஹிவளைச்_சோம்பேறி:
பென் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்தது என்றால் அதிலிருந்தே திறக்கப் பார்க்காதீர்கள், லினக்ஸின் இயக்க அனுமதியை அது வைத்துக்கொள்ளாது. அங்கே ஹோம் கோப்புறைக்கு நகலெடுத்துவிட்டு இயக்க அனுமதிக்கு டிக் போடுங்கள். பென்னில் வைத்தே டிக் போட்டால் தானாகவே எடுபட்டுவிடும், ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லாது. பெங்குயின் தம்பி, இதுவும் பாதுகாப்பா?