சிலிண்டரில் உள்ள ஆக்சிஜனின் நிறை: கணக்கில் பிழை எங்கே?

கேள்வி:
பெங்களூரு பீன்யாவில் இரும்புத் தகடு வெட்டும் சிறு பட்டறை நடத்துகிறேன். நேற்று வந்த ஆக்சிஜன் சிலிண்டரில் நீர்க் கொள்ளளவு 46.7 லிட்டர் என்று பொறித்திருக்கிறது. கேஜ் 150 பார் காட்டுகிறது. வெப்பநிலை 27 டிகிரி. பள்ளியில் படித்த நல்லியல்பு வாயுச் சமன்பாட்டில் இவற்றை இட்டால் ஏறக்குறைய 100 கிலோ வருகிறது. ஒரே ஆள் சாய்த்து உருட்டிச் செல்லும் சிலிண்டரில் அவ்வளவு வாயு இருக்க வழியில்லை. பில்லில் 7 கன மீட்டர் என்று மட்டுமே உள்ளது.

மறுமொழி 1:
ஐயா, வெப்பநிலையைச் செல்சியஸிலேயே வைத்துவிட்டீர்கள். 273 கூட்டி 300 கெல்வின் என்று கொள்ள வேண்டும். மேலும், கேஜ் காட்டுவது வெளிக்காற்றைவிட எவ்வளவு அதிகம் என்பதை மட்டுமே. பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் இங்கே காற்றழுத்தம் சுமார் 0.91 பார், ஆகவே மொத்தம் 150.9 பார், அதாவது 1,50,90,000 பாஸ்கல். அதை 0.0467 கன மீட்டரால் பெருக்கி, 8.314 (வாயு மாறிலி) × 300 ஆல் வகுத்தால் 282.5 மோல், மோலுக்கு 32 கிராம் வீதம் 9.04 கிலோ. நிறைந்த சிலிண்டரில் அந்த 0.91 பொருட்டல்லதான், ஆனால் முள் சுழியில் நிற்கும்போதும் உள்ளே சுமார் 55 கிராம் ஆக்சிஜன் இருப்பது அதனால்தான்.

மறுமொழி 2:
மேலே உள்ள கணக்கு சரி, ஆனால் பில்லோடு ஒப்பிட்டால் சற்றுக் குறைகிறது. 15 டிகிரியில், கடல்மட்டக் காற்றழுத்தத்தில், ஒரு கன மீட்டர் ஆக்சிஜன் சுமார் 1.35 கிலோ என்பதால் 7 கன மீட்டருக்கு ஏறத்தாழ 9.5 கிலோ வர வேண்டும். 150 பாரில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்ப்பதால், நல்லியல்பு வாயுவைவிடச் சற்றுக் கூடுதலாகவே ஆக்சிஜன் அடங்குகிறது. அமுக்கத்திறன் காரணி (நல்லியல்பு வாயுவிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் எண்) அங்கே சுமார் 0.95, 9.04 ஐ அதனால் வகுத்துப் பாருங்கள், 9.5 கிடைக்கும். விற்றவர் ஏமாற்றவில்லை.

கேட்டவர்:
மிக்க நன்றி. பக்கத்தில் நிற்கும் அசிட்டிலீன் சிலிண்டருக்கும் இதே கணக்கைப் போடலாமா?

மறுமொழி 1:
கூடாது. அசிட்டிலீன் அதனுள் வெறும் வாயுவாக இல்லை; நுண்துளைப் பொருளில் ஊறிய அசிட்டோனில் கரைந்திருக்கிறது. சமையல் எரிவாயுவிலும் பெரும்பகுதி திரவமே. அந்தத் திரவம் தீரும்வரை, வெப்பநிலை மாறாத வரையில், அழுத்தம் எஞ்சிய அளவுக்கேற்ப இறங்குவதில்லை. இவ்விரண்டையும் தராசில் ஏற்றி, சிலிண்டரில் பொறித்துள்ள வெற்று எடையைக் கழித்துக்கொள்ளுங்கள்.