மறுமொழி: ‘ஹை டைட் ரூஸ்ட்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

எல்லோருக்கும் வணக்கம். கடல் ஏறிச் சேற்றை மூடும்போது கரையோரப் பறவைகள் மேடான இடத்தில் கூட்டமாக நிற்பதைத்தான் ஆங்கிலத்தில் ‘ஹை டைட் ரூஸ்ட்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் கேட்டதற்கு வந்த யோசனைகளுக்கு என் மறுமொழி இது.

> ‘இரவடை’ என்றே வைத்துக்கொள்ளலாமே. பறவை அடைவது என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

தெரியும், சிக்கலே அதுதான். காகமும் கொக்கும் பொழுது சாய்ந்தால் மரத்தில் அடையும். உள்ளான், உப்புக்கொத்தி போன்ற சேற்றில் இரை தேடும் சிறு கரைப்பறவைகளுக்குப் பொழுது பெரிதில்லை, தண்ணீர்தான் கணக்கு. சேறு வெளியே தெரிந்தால் நடுராத்திரியிலும் புழுவும் சிறு நண்டும் பொறுக்கும். தண்ணீர் ஏறி அந்தச் சேற்றை மூடிவிட்டால், மேடான ஓரிடத்தில் கூட்டமாகப் போய் நிற்கும். கடல் ஒரு நாளில் இரண்டு தடவை ஏறி வற்றுகிறது. ஏறும் நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகிறது. இன்று காலை 7 மணிக்கு தனுஷ்கோடி அரிச்சல்முனைச் சாலையோரம் நிற்கிற கூட்டத்தை, அடுத்த வாரம் நண்பகல் தாண்டித்தான் அங்கே பார்க்கலாம். உச்சி வெயிலில் நிற்பதை ‘இரவடை’ என்று எப்படி எழுதுவது?

‘அடை’ என்றதும் அடைகாப்பதும் நினைவுக்கு வரும். அறிவிப்புப் பலகையில் ‘அடையிடம்’ என்று எழுதினால் முட்டை தேடுகிறவர்கள் வருவார்கள். இந்தப் பறவைகளில் பெரும்பாலானவை வடக்கே வெகு தொலைவில் முட்டையிட்டுவிட்டு, குளிர்காலத்துக்கு மட்டும் இங்கே வருகிறவை.

> அப்படியானால் ‘ஓதத் தங்கல்’?

பரவாயில்லாத சொல். ஓதம் என்றால் கடல் ஏறி வற்றுவது. ஆனால் நம் கரையில் ‘தங்குகடல்’ என்றால் படகோடு கடலிலேயே நாள் கணக்கில் தங்கி மீன்பிடிப்பது. இராமேசுவரத்துக்காரர் காதில் ‘தங்கல்’ அந்தப் பக்கம்தான் போகும். தவிர, தங்குவது என்றால் படுத்துத் தூங்கி எழுவது போலத் தொனிக்கிறது. இவை வேறு வழியில்லாமல் நிற்கின்றன.

நான் முன்வைப்பது ‘ஓத ஒதுங்கல்’. மழைக்கு டீக்கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்குவோமே, அந்த ஒதுங்கல்தான். விட்டதும் கிளம்பிவிடுவோம். பறவையும் அப்படித்தான். தனுஷ்கோடியில் தொலைநோக்கி வைத்துப் பார்த்தால் தெரியும்: எல்லாம் காற்றுக்கு முகம் கொடுத்து, ஒற்றைக் காலில், அலகை முதுகுச் சிறகுக்குள் செருகி நிற்கும். தண்ணீர் விரலைத் தொட்டால்கூட மடக்கிய காலை இறக்காமல், அதே ஒற்றைக் காலில் நொண்டி நொண்டி இரண்டடி தள்ளி நிற்கிற சோம்பேறிகளும் உண்டு. பூநாரைக்கு இந்தக் கவலை குறைவு. கால் நீளம், தண்ணீருக்குள்ளேயே நிற்கும். குட்டைக்கால்காரர்களுக்குத்தான் இந்தச் சொல் தேவை.

இங்கே கடலின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு, அதற்குப் போய் ஓதமா என்று ஒருவர் கேட்டிருந்தார். மண் தட்டையாக இருக்கிற இடத்தில் ஒரு சாண் தண்ணீர் ஏறினாலே பெரிய பரப்பு மூழ்கிவிடும். காற்றும் சேர்ந்து தள்ளினால் சொல்லவே வேண்டாம். ஓதம் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிற சொல், புதிதாகப் பழக்க வேண்டியதில்லை. ‘வெள்ள ஒதுங்கல்’ வேண்டாம். செய்தித்தாளில் வந்தால் நிவாரண முகாம் என்றே படிப்பார்கள்.

இதற்கு வரக்கூடிய வலுவான மறுப்பையும் நானே சொல்லிவிடுகிறேன். ‘கரை ஒதுங்கியது’ என்றால் நம் இராமநாதபுரம் மாவட்டத்தில் செத்த டால்பின், செத்த ஆமை, செத்த கடற்பசு. ‘கரை ஒதுங்கிய 200 உள்ளான்கள்’ என்று யாராவது எழுதினால் வனத்துறை வண்டியே வந்துவிடும். ஆகவே கரை என்ற சொல்லை இதன் பக்கத்திலேயே விடக்கூடாது. ‘ஓதத்துக்கு ஒதுங்கின’ என்று நான்காம் வேற்றுமையில் எழுதினால் குழப்பம் வராது. ‘ஒதுங்குவது’ என்பதற்கு ஊர்ப்புறத்தில் இருக்கிற இன்னொரு பொருளைச் சொல்லிச் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இடத்தைச் சொல்ல ‘ஒதுங்கிடம்’ போதும். ‘ஒதுங்குதிட்டு’ என்று ஒரு பரிந்துரை வந்தது, கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் எல்லா இடமும் திட்டு இல்லை. வாலிநோக்கம் பக்கம் உப்பள வரப்பிலும் நிற்கும்.

சொல் அவசரமாகத் தேவைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. 2025-இல் தனுஷ்கோடி பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இனி பலகைகள், கையேடுகள் எல்லாம் வரும். ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு வருகிற மாணவர்களுக்கும் ஒதுங்கிடத்தில் எண்ணுவதுதான் எளிது, எல்லாம் ஓரிடத்தில் நிற்குமே. அதே நேரத்தில்தான் செல்ஃபிக்காரர்களும் நாய்களும் கிளப்பிவிடுகிறார்கள். ஒவ்வொரு தடவை எழும்பும்போதும், திரும்பிப் போகும் பயணத்துக்குச் சேர்த்த கொழுப்பு கரைகிறது. பலகைக்கு என் வரி: ‘பறவைகள் ஓதத்துக்கு ஒதுங்கியுள்ளன. தண்ணீர் வற்றும்வரை அருகே போகாதீர்கள்.’

தொண்டி, தேவிபட்டினம், காரங்காடு பக்கம் இருப்பவர்கள், தண்ணீர் ஏறும்போது பறவை கூடி நிற்பதற்குக் கடலோடிகளிடம் தனிச்சொல் புழங்குகிறதா என்று கேட்டு எழுதுங்கள். இருந்தால் என் சொல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்ளலாம்.