சிட்னியைச் சுற்றிக்காட்ட எனக்கு வழி சொன்னவர்கள்

ஊரிலிருந்து வருகிறவர்களுக்குச் சிட்னியைச் சுற்றிக்காட்டும் வாய்ப்பு எங்கள் வீட்டுக்கு அடிக்கடி கிடைக்கும். பலரும் முதலில் பார்க்கவேண்டிய இடங்களைப் பட்டியல் போட்டுக்கொண்டு வருகிறார்கள். துறைமுகத்தைச் சுற்றி வளர்ந்த இந்த ஊரில், எங்கே போகிறோம் என்பதைவிட எந்தக் கிழமையில், எத்தனை மணிக்கு, எந்தப் படகில் போகிறோம் என்பதுதான் நாளைத் தீர்மானிக்கிறது. இதை எனக்குப் புரியவைத்தவர்கள் போகிற வழியில் சந்தித்த மனிதர்கள்.

மாமாவையும் அத்தையையும் துறைமுகத்துக்கு அப்பால் உள்ள கடற்கரை ஊரான மேன்லிக்குக் கூட்டிப்போனபோது, சர்குலர் கீ படகுத்துறையில் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்றிருந்தார். நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, "தம்பி, உள்ளுக்குப் போய் இருக்காதேங்கோ. பின்பக்கம் வெளியில நில்லுங்கோ. திரும்பி வரேக்கை முன்னுக்கு வந்திடுங்கோ" என்றார். அவர் சொன்னதன் அருமை படகு நகர்ந்ததும் தெரிந்தது. துறையை விட்டு வெளியே வரும்போது வலப்பக்கம் ஓபரா ஹவுஸ், இடப்பக்கம் 1932இல் திறக்கப்பட்ட ஹார்பர் பாலம். கொஞ்ச நேரத்தில் படகு கிழக்கே திரும்பிவிடுகிறது. அப்போது இரண்டும் சேர்ந்து ஒரே காட்சியாகப் பின்னால்தான் விரிகின்றன. மாலையில் திரும்பும் படகு மேற்கு நோக்கி வருவதால், பாலத்தின் பக்கமாகச் சூரியன் இறங்குவதை முன்தளத்தில் நின்றே பார்த்துவிடலாம். பெரிய படகில் அரை மணி நேரம்தான், அதுவும் சாதாரணப் பொதுப் போக்குவரத்துக் கட்டணத்தில். இதற்காகத் தனியாக உல்லாசப் படகு எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் மணியைக் கவனிக்க வேண்டும். ஜூன், ஜூலையில் ஐந்து மணியை ஒட்டியே பொழுது சாய்ந்துவிடும், அதனால் நாலரை வாக்கில் மேன்லியில் படகேற வேண்டும். டிசம்பரில் என்றால் எட்டு மணி வரை வெளிச்சம் இருக்கும்.

அன்று படகு கடல்வாயைக் கடக்கும்போது நன்றாக ஆடியது. நார்த் ஹெட், சவுத் ஹெட் என்ற இரண்டு நிலமுனைகளுக்கும் நடுவே திறந்த கடலின் அலை நேராக உள்ளே வருகிற இடம் அது. அத்தைக்கு வயிற்றைப் புரட்டியது. படகில் வேலைசெய்யும் பெண் ஒருவர் வந்து, அவரைக் கீழ்த்தளத்தில் நடுவாக உட்காரவைத்து, தூரத்துக் கரையையே பார்க்கச் சொன்னார். அலை மிகப் பெரிதாக இருக்கும் நாட்களில் படகை நிறுத்திப் பேருந்து விடுவார்களாம், காலையிலேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள் என்றார். அதன்பிறகு வயதானவர்கள் வந்தால் நான் பரமட்டா ஆற்றுப் படகைத்தான் முதலில் சொல்கிறேன். ஆட்டமே இருக்காது. நீர் வற்றும் நேரத்தில் மட்டும் கடைசித் துறை வரை போகாமல், மீதித் தூரத்துக்குப் பேருந்தில் ஏற்றிவிடுவார்கள்.

சிட்னிக்கு மேற்கே உள்ள ப்ளூ மவுண்டன்ஸ் மலைப்பகுதியின் கதை வேறு. உறவினர் ஒருவர் ஒரு நாள் சுற்றுலாப் பேருந்தில் பணம் கட்டிப் போனார். வழியில் கடை கடையாக நிறுத்தினார்கள், த்ரீ சிஸ்டர்ஸ் பாறைகளின் முன்னால் படம் எடுக்கும் அளவுக்குத்தான் நேரம் கொடுத்தார்கள். எனக்கு அதில் மனவருத்தம்தான். சிட்னியின் சென்ட்ரல் நிலையத்தில் ரயில் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் மலை ஊரான கட்டூம்பா. அங்கிருந்து அந்தப் பாறைகளைப் பார்க்கும் இடமான எக்கோ பாயிண்டுக்கு உள்ளூர்ப் பேருந்து உண்டு, நடந்தும் போகலாம். மூடுபனி இறங்கினால் பாறைகள் இருக்கிற இடமே தெரியாது, ரயிலில் போனவர்கள் பனி விலகும்வரை காத்திருக்கலாம்.

இதற்கு எந்தக் கிழமை நல்லது என்று சொன்னவர் சென்ட்ரல் நிலைய ஊழியர் ஒருவர். வார இறுதியில் தண்டவாளப் பராமரிப்பு அடிக்கடி நடக்கும், ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள். "முடிந்தால் வெள்ளிக்கிழமை போங்களேன்" என்றார். கட்டணக் கணக்கும் அதற்குப் பொருந்துகிறது. ஓப்பல் என்பது இங்கே பொதுப் போக்குவரத்துக்கான அட்டை; அதன் கட்டணத்தில் ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் எடுக்கமாட்டோம் என்று உச்சவரம்பு இருக்கிறது. வெள்ளி, சனி, ஞாயிறு அந்த வரம்பு மற்ற நாட்களில் இருப்பதில் பாதிதான். அதனால் வெள்ளிக்கிழமை போனால் வார இறுதிக் கட்டணம், ஆனால் வார இறுதிக் கூட்டம் இல்லை. ரயில், பேருந்து, அரசுப் படகு எல்லாம் இதில் அடங்கும். விமான நிலைய ரயில் நிலையத்துக்கான தனிக் கட்டணம் அடங்காது. இன்னொன்று: பெரியவர்கள் வங்கி அட்டையையே தட்டலாம், குழந்தைகளுக்கு மட்டும் சிறுவர் ஓப்பல் அட்டை வாங்கிவிடுங்கள். அவர்களும் வங்கி அட்டையைத் தட்டினால் பெரியவர் கட்டணத்தையே எடுத்துவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமையை நான் சிட்னிக்குத் தெற்கே உள்ள ஹெலன்ஸ்பர்க் வெங்கடேசுவரர் கோயிலுக்கு வைத்துக்கொள்கிறேன். ரயில் நிலையத்திலிருந்து கோயில் தள்ளி இருப்பதால் இதற்குக் கார்தான் வசதி. தரிசனம் முடிந்து கோயில் உணவகத்தில் தோசைக்கு வரிசையில் நின்றபோது, முன்னால் நின்ற அம்மா ஒருவர், "இவ்வளவு தூரம் வந்துட்டு அப்படியே திரும்பாதீங்க, பால்ட் ஹில் போய்ட்டுப் போங்க" என்றார். கொஞ்ச தூரம்தான். மேட்டிலிருந்து பார்த்தால் கடற்கரை முழுதும் கீழே வளைந்து கிடக்கிறது, ஆட்கள் இறக்கை கட்டிக்கொண்டு பறக்கிறார்கள். அப்படியே இறங்கிப் போனால் கடலுக்கு மேலேயே வளைந்து போகும் சீ கிளிஃப் பாலம், 665 மீட்டர் நீளம், ஓரத்தில் நடைபாதையும் இருக்கிறது. மாமா அதில் முழுதும் நடந்தார். கோயில் நடை சாத்தும் நேரத்தை முதலில் பார்த்துக்கொண்டு, காலையில் கோயில், மதியம் கடல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.