பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணமா? எடைக்குறைப்பு அறுவைக்கு முன் சர்க்கரையைக் குறைக்கச் சொல்வது பற்றி

தெற்குவாசல்:
வயது 46, உயரம் 168 செ.மீ., எடை 112 கிலோ. உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ 40க்கு ஒரு மயிரிழை கீழே. சர்க்கரை வந்து பதினோரு ஆண்டுகள். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, டாபாகிளிஃப்ளோசின், போதாததற்கு இரவில் 34 யூனிட் இன்சுலின். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 9.4. இரைப்பையைச் சுருக்கும் ஸ்லீவ் அறுவைக்கு மனத்தைத் தேற்றிக்கொண்டு போனால், "ஹெச்பிஏ1சி 8க்குக் கீழே வரட்டும், பிறகு தேதி தருகிறேன்" என்கிறார் மருத்துவர். காப்பீட்டுப் பத்திரத்திலோ, பிஎம்ஐ 40ஐத் தொடாதவருக்கு 35ஆவது இருக்க வேண்டும், கூடவே கட்டுக்குள் வராத இரண்டாம் வகைச் சர்க்கரை போன்ற கடுமையான நோயும் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. ஒருவருக்கு ஏறியிருக்க வேண்டும், மற்றவருக்கு இறங்கியிருக்க வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணமானால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான். குறைக்க முடிந்திருந்தால் நான் ஏன் வயிற்றை அறுத்துக்கொள்ளப் போகிறேன்?

கணக்குப்பிள்ளை:
மருத்துவர் சொல்வதில் தவறில்லை ஐயா. ஸ்லீவில் இரைப்பையின் ஐந்தில் நான்கு பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஸ்டேப்ளரால் தைக்கிறார்கள். அந்த ஓரம் ஆற வேண்டும். சர்க்கரை ஏறிக்கிடக்கும் உடம்பில் புண் ஆறத் தாமதமாகும், கிருமித் தொற்றும் எளிதில் வரும். தையல் கசிந்தால் நள்ளிரவில் ஓடிவரப் போகிறவர் அவர், நாம் இல்லை.

காப்பீட்டுச் சிக்கல் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. நான்கு மருந்துகள் போட்டும் 9.4 என்ற தாள் உங்கள் கையில் இருக்கிறது. பழைய பரிசோதனை முடிவுகள், மருந்துச் சீட்டுகள், எடை குறைக்க முயன்றதற்கான சான்றுகள் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கிக் கொடுத்து, முன் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் வாங்கிய அனுமதி செல்லாக்காசு.

உப்புக்காற்று:
கணக்கில் பாதியை விட்டுவிட்டார் கணக்குப்பிள்ளை. 2019இல் அமெரிக்காவின் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களும் எடைக்குறைப்பு அறுவை மருத்துவர்களும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியில், 7 வரை நல்லது, நெடுநாள் நோயாளிக்கு 8 வரை போகலாம், அதற்கும் மேலே இருப்பவருக்கு மருத்துவர் ஆளைப் பார்த்து முடிவெடுக்கட்டும் என்றுதான் இருக்கிறது. 8 என்ற எண்ணில் கதவைப் பூட்டச் சொல்லவில்லை. அறுவைக்கு முன் இத்தனை கிலோ குறைத்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதற்கும் ஆதாரம் போதாது என்று 2022இல் வந்த சர்வதேச வழிகாட்டி சொல்லிவிட்டது.

வெளியே காத்திருக்கும் காலத்துக்கும் விலை உண்டு. நோயின் வயது கூடக்கூட, இன்சுலின் போடும் காலம் நீளநீள, அறுவைக்குப் பிறகு சர்க்கரை அடங்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகிறது. கணையத்தில் இன்சுலின் சுரக்க இன்னும் எவ்வளவு சரக்கு மிச்சம் என்று காட்டும் சி-பெப்டைடு பரிசோதனையை யாராவது எழுதிக் கொடுத்தார்களா? அதைக் கேட்காமல் எட்டு, எட்டு என்று ஜபித்தால் எப்படி?

கீரைப்பாத்தி:
இரண்டு பேருமே அறுவை வேண்டும் என்று முடிவுகட்டிவிட்டுச் சண்டை போடுகிறீர்கள். பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வில் நாளுக்குச் சுமார் 850 கலோரி உணவை மட்டும் கொடுத்து, ஓராண்டில் 46 சதவீதம் பேரை மருந்தில்லாமல் சர்க்கரையிலிருந்து மீட்டிருக்கிறார்கள். கத்தி எதற்கு?

உப்புக்காற்று:
அதே ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் எல்லோரும் சர்க்கரை வந்து ஆறு ஆண்டுகளுக்குள் இருந்தவர்கள். இன்சுலின் போட்டவர்களைச் சேர்க்கவே இல்லை. தெற்குவாசலுக்குப் பதினோரு ஆண்டு, 34 யூனிட். இரண்டாம் ஆண்டில் அந்த 46, 36 ஆனதையும் சொல்லியிருக்கலாம்.

கீரைப்பாத்தி:
சரி, அவருக்கு அந்த ஆய்வு பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கத்தியின் கணக்கையும் சொல்லிவிடுங்கள். அமெரிக்காவின் கிளீவ்லண்டில் நடந்த ஸ்டாம்பீட் ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2017இல் வந்தது. ஹெச்பிஏ1சி 6 அல்லது அதற்குக் கீழே நின்றவர்கள் இரைப்பையைச் சிறிதாக்கிச் சிறுகுடலோடு நேரே இணைக்கும் பைபாஸில் 29 சதவீதம், ஸ்லீவில் 23 சதவீதம். நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் அந்தக் கோட்டைத் தொடவில்லை.

உப்புக்காற்று:
மருந்து மட்டும் எடுத்தவர்களில் அந்தக் கோட்டைத் தொட்டவர்கள் 5 சதவீதம். அதை ஏன் விட்டீர்கள்? ஆனால் ஒன்று, இவ்வளவு காலச் சர்க்கரை உள்ளவர் ஸ்லீவா பைபாஸா என்று மருத்துவரிடம் ஒருமுறை வாதிட்டுப் பார்ப்பது நல்லது.

மணிமுத்தாறு:
தம்பி தெற்குவாசல், நான் மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே அறுவை செய்துகொண்டவள். எட்டா ஒன்பதா என்ற சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். என்னைப் படுக்க வைத்தது அறுவை இல்லை, அதற்கு முந்தைய இரண்டு வாரம்.

அறுவைக்கு முன் கல்லீரலைச் சுருக்கவென்று ஓர் உணவுத் திட்டம் கொடுப்பார்கள். கொழுப்பேறிய கல்லீரல் இரைப்பையின் மேல் கவிந்து கிடக்கும், அதை ஒதுக்கினால்தான் கருவிகள் உள்ளே போகும். சோறு, இட்லி, தோசை எல்லாம் நிறுத்தம். நாளுக்கு 800 கலோரி. தாளைக் கொடுத்த மருத்துவமனையில் இன்சுலினைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. வழக்கமான அளவையே போட்டுக்கொண்டு படுத்தேன். நான்காம் நாள் இரவு இரண்டரை மணிக்கு விழிப்பு வந்தது. புடவை முழுக்க வியர்வை, கை நடுக்கம், நாக்கு குழறுகிறது. கருவியில் 48. வீட்டுக்காரர் சர்க்கரைக் கரைசலைப் புகட்டினார். திட்டத்தில் சர்க்கரை கூடாதே என்று அந்த நிலையிலும் நான் மறுத்தேனாம், இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்.

உங்கள் பட்டியலில் இன்சுலின் இருக்கிறது, கிளிமிபிரைடும் இருக்கிறது. இரண்டுமே தாழ்சர்க்கரைக்கு இழுத்துச் செல்பவை. உணவுத் திட்டம் தொடங்கும் நாளிலிருந்தே அளவை மாற்ற வேண்டும், எவ்வளவு என்பதை மருத்துவர் எழுதித் தர வேண்டும்.

டாபாகிளிஃப்ளோசின் வேறு வகைத் தலைவலி. அறுவைக்கு மூன்று நாளாவது முன்பாக அதை நிறுத்த வேண்டும். மாவுச்சத்தைக் குறைத்துக்கொண்டே அதை விழுங்கினால் இரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரலாம். அப்போது கருவியில் சர்க்கரை பெரிதாக ஏறாமலே இருக்கக்கூடும், நாமும் ஏமாந்துவிடுவோம். குமட்டல், வயிற்றுவலி, மேல்மூச்சு வாங்குதல் என்றால் உடனே கிளம்ப வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
அம்மா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். இன்னொன்று: பதினோரு ஆண்டுச் சர்க்கரை என்றால் விழித்திரையைப் பார்த்துவிடுங்கள். ஏறிக்கிடந்தது மளமளவென்று இறங்கும்போது கண் நோய் சில காலம் மோசமாவது உண்டு. மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு பி12 ஏற்கெனவே குறைந்திருக்கலாம். அறுவைக்குப் பிறகு இன்னும் குறையும், அதையும் இப்போதே பாருங்கள். எட்டு விஷயத்தில் என் நிலை மாறவில்லை.

உப்புக்காற்று:
மாற வேண்டாம். ஆனால் ஹெச்பிஏ1சி சிவப்பணுவின் ஆயுளை ஒட்டிய சராசரி. இன்று உணவை மாற்றினால் அது அடியோடு இறங்க மூன்று மாதம் பிடிக்கும். அறுவை நாளில் உடம்பில் ஓடப்போவது அன்றைய சர்க்கரை. கடைசி இரண்டு மூன்று வாரத்தைக் காட்ட ஃப்ரக்டோசமைன் என்ற பரிசோதனை இருக்கிறது. அதைக் கேளுங்கள்.

தெற்குவாசல்:
ஆறு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். சர்க்கரை மருத்துவரைத் தனியே பார்த்தேன். அறுவை மருத்துவரிடம் பேசி, ஹெச்பிஏ1சி இறங்கும் திசையில் இருந்து, காலைச் சர்க்கரை இரண்டு வாரம் 140க்குள் நின்றால் தேதி என்று ஒப்புக்கொள்ள வைத்தார். ஆக, எட்டு போய்விட்டது, ஆனால் வாசலில் இன்னும் ஆள் நிற்கிறது. இப்போது 8.5. முன் அனுமதி எழுத்தில் வந்துவிட்டது. அதற்கு நான் கொடுத்த தாள்கள் ஒரு குயர் நோட்டின் கனம். திங்கட்கிழமை கல்லீரலைச் சுருக்கும் உணவுத் திட்டம் தொடங்குகிறது. அன்றிலிருந்து கிளிமிபிரைடும் டாபாகிளிஃப்ளோசினும் இல்லை, இன்சுலின் பாதி. படுக்கையருகே கருவியும் குளுக்கோஸ் பொட்டலமும் வைத்தாயிற்று. இரண்டு வாரம் சோறில்லாமல் என்ன செய்வது என்பதுதான் இப்போதைய கவலை.

கீரைப்பாத்தி:
அறுவை கூடாது என்ற என் கட்சியில் மாற்றமில்லை. ஆனால் சுரைக்காயைச் சீவி, மிளகு சீரகம் தட்டிப்போட்டு, அரை டம்ளர் மோரில் கொதி வராமல் சுட வைத்துக் குடியுங்கள். மோரின் அளவைத் திட்டத்தில் கணக்குச் சேர்த்துவிடுங்கள். வாரத்தில் நான்கு நாள் ஓட்டிவிடலாம். மீதி மூன்று நாளைக்குப் புடலங்காய்.