கபடில முட்டி ஜவ்வு கிழிஞ்சிட்டு, உடனே ஆபரேஷன் பண்ணணுமா?

மன்னை விவசாயி:
மன்னார்குடி பக்கம் எங்க ஊர்ல பொங்கலுக்கு நடந்த கபடில ரைடு போன தம்பி கால ஊனி திரும்புனான், முட்டில டப்புன்னு சத்தம், ராத்திரிக்குள்ள வீங்கிட்டு. எம்ஆர்ஐல ஏசிஎல்ங்கற முட்டி நடு ஜவ்வு முழுசா கிழிஞ்சிருக்கு, மெனிஸ்கஸ்னு முட்டி எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்குற குருத்தெலும்புலயும் லேசா கிழிசலாம். ஒரு டாக்டர் இந்த வாரமே பண்ணிரலாங்கறார், இன்னொருத்தர் வீக்கம் வத்துன பிறகு வாங்கங்கறார். அப்பா எண்ணெய் கட்டு போதும்னு நிக்கிறார். ஜூன்ல மேட்டூர் தொறந்தா குறுவைக்கு வயல்ல எறங்க அவன்தான் ஆளு, என்ன பண்றது?

குடந்தை பிசியோ:
எனக்கு ரெண்டாவது டாக்டர் சொல்றதுதான் சரின்னு படுது. வீக்கத்தோட, கால நேரா நீட்டக்கூட முடியாத நெலமைல பண்ணா அப்பறம் முட்டி வெறைச்சுக்கிட்டு படாதபாடு படுத்தும், அதனால மொதல்ல வீக்கம் வத்தி கால் நீண்டு தொடைச் சதைக்கு பலம் வரட்டும். மெனிஸ்கஸ் துண்டு உள்ள சிக்கி முட்டி லாக் ஆயிருந்தா மட்டும் தள்ளிப்போடாதீங்க.

கட்டு விஷயம், அப்பாகிட்ட பக்குவமா சொல்லுங்க. பக்கவாட்டு ஜவ்வுன்னா பிரேஸ் போட்டே பெரும்பாலும் ஆறிரும், நடுவுல இருக்குற ஏசிஎல் முழுசா அறுந்தா தானா ஒட்டுறது அபூர்வம். அதையே புடிச்சு தைக்கிறதும் வழக்கமா கெடையாது, தொடைக்குப் பின்னாடி இருக்குற ஹாம்ஸ்ட்ரிங் நார எடுத்து, எலும்புல துளை போட்டு புது ஜவ்வா மாட்டுவாங்க. அது எலும்போட புடிச்சு ஜவ்வா மாற மாசக்கணக்கு ஆவும், ஆனா வலி அதுக்கு ரொம்ப முன்னாடியே போயிரும், பசங்க ஏமாந்து போற எடமே அதுதான்.

ஆரூர் ரைடர்:
நான் பண்ணிக்கிட்டவன், சொல்றேன். குறுவைக்கு வேற ஆள் பாருங்கண்ணே. பிப்ரவரில பண்ணாலும் ஜூனுக்கு நாலு மாசம்தான் ஆவும், சேத்துல கால் பொதைஞ்சிருக்க ஒடம்பு மட்டும் திரும்புது பாருங்க, அது ஆகவே ஆகாது. மோட்டர் போட்டுவுட்டு வரட்டும், வழுக்குற வரப்புல ஏறவேணாம். கபடிக்கு கொறஞ்சது ஒம்போது மாசம், அதுவும் ரெண்டு கால் பலத்தையும் டெஸ்ட் பண்ணி பாத்துட்டுதான். டோர்னமென்ட் கமிட்டிக்காரங்க போன் பண்ணுவாங்க, எடுக்காதீங்க!

வருஷ வருமானம் 1,20,000க்குள்ளன்னா முதலமைச்சர் காப்பீட்டு கார்டு இருக்கும்ல? குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் உண்டு, இந்த ஆபரேஷன் அதுல வருதான்னு ஆஸ்பத்திரி காப்பீட்டு கவுண்டர்ல மொதல்லயே கேட்ருங்க.

மன்னை விவசாயி:
லாக்லாம் ஆகல, கார்டு இருக்கு. வீட்ல குந்துற கக்கூஸ்தான், அதுக்கு என்ன பண்றது?

குடந்தை பிசியோ:
நடுவுல ஓட்டை வெச்ச கக்கூஸ் சேர் மெடிக்கல் ஷாப்ல கெடைக்கும், ஆபரேஷனுக்கு முன்னாடியே வாங்கிருங்க. மெனிஸ்கஸயும் சேத்து தைச்சாங்கன்னா குந்துறது, சம்மணம் ரெண்டும் சில மாசத்துக்கு கெடையாது, தைச்சாங்களா இல்ல வெட்டி எடுத்தாங்களான்னு டிஸ்சார்ஜ் அன்னைக்கே கேட்டு எழுதி வாங்கிக்கங்க, எக்சர்சைஸே அதப் பொறுத்துதான் மாறும்.