1971 போர்முனையிலிருந்து தாத்தா எழுதிய காதல் கடிதங்கள்: சண்டையைப் பற்றி ஒரு வரி கூட இல்லையே, ஏன்?

அல்சூர்வாசி:

எங்கள் தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸில் (ராணுவத்தின் பொறியியல் படை) செகண்ட் லெப்டினென்டாக இருந்தவர். இங்கே பெங்களூரு அல்சூரில் அவர்களுடைய எம்.இ.ஜி. சென்டரில் கொஞ்ச காலம் இருந்தபோதுதான் பாட்டியைப் பார்த்துப் பழகியிருக்கிறார். பாட்டி அப்போது பி.எஸ்சி. மாணவி, வீட்டில் ஒருவருக்கும் தெரியாது, கடிதங்கள் எல்லாம் சிநேகிதி வீட்டு விலாசத்துக்குத்தான் வந்திருக்கின்றன. தாத்தா காலமான பிறகு பாட்டி அந்தக் கடிதக் கட்டை என்னிடம் கொடுத்து "கண்ணு சரியாத் தெரியல, நீயே படிச்சுக் காட்டு" என்றார்.

1971 அக்டோபரில் தொடங்கி 1972 கடைசி வரை இருக்கிறது. மேலே பிள்ளையார் சுழி, அனுப்புநர் விலாசத்தில் எண், பெயர், யூனிட், அப்புறம் 56 ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் விலாசம்), அவ்வளவுதான், ஊர் பெயர் கிடையாது. உள்ளே என்ன என்று பார்த்தால் மெஸ்ஸில் ரசம் கிடைக்கவில்லை, குளிர் தாங்கவில்லை, சுற்றிலும் கரும்பு, உன் பிராக்டிகல் பரீட்சை என்ன ஆயிற்று, அம்மாவிடம் எப்போது சொல்லப்போகிறாய். இடையிடையே "ராத்திரி முழுக்கத் தோட்ட வேலை, பகலில் தூக்கம்" என்று வருகிறது, என்ன தோட்டமோ. டிசம்பர் 3 முதல் 17 வரை கடிதமே இல்லை. அதற்கு அடுத்த கடிதத்தில் "நலம். நீ அனுப்பிய ஸ்வெட்டர் கிடைத்தது, கை நீளம்."

இரண்டு வாரத்தில் சண்டை முடிந்தும் ஏன் ஒரு வருஷம் அங்கேயே இருந்தார்? எந்த இடம் என்று கண்டுபிடிக்க முடியுமா? கடிதங்களை லேமினேட் செய்யலாம் என்று தம்பி சொல்கிறான், செய்யலாமா?

பழைய சாப்பர்:

தம்பி, தோட்ட வேலை என்றால் அனேகமாகக் கண்ணிவெடி புதைப்பதுதான். பாகிஸ்தானுடன் சண்டை டிசம்பரில் என்றாலும் படைகள் அதற்கு முன்பே எல்லைக்குப் போய்விட்டன, வயல்களில் வெடி புதைப்பது சாப்பர்களின் வேலை, அதுவும் எதிரி கண்ணில் படாமல் இருட்டில். அதை அப்படியே எழுத முடியுமா? இடம், யூனிட்டின் நடமாட்டம், ஆள் பலம் எதையும் கடிதத்தில் எழுதக் கூடாது. ஜவான்களின் கடிதங்களை அதிகாரிகளே படித்துப் பார்த்து அனுப்புவது அந்தக் காலப் பழக்கம், ஆகவே எதை எழுதக் கூடாது என்பது உங்கள் தாத்தாவுக்கு மற்றவர்களைவிட நன்றாகவே தெரிந்திருக்கும்.

ஒரு வருஷம் ஏன் என்றால், 17ஆம் தேதி நின்றது துப்பாக்கிச் சண்டை மட்டும். பிடித்த இடங்களில் படை அப்படியே உட்கார்ந்திருந்தது. சிம்லா ஒப்பந்தம் 1972 ஜூலையில்தான், அதற்குப் பிறகும் ஜம்மு காஷ்மீரில் கட்டுப்பாட்டுக் கோடு எது என்று வரைபடத்தில் குறித்து முடித்து, படைகள் திரும்பி வர அந்த டிசம்பர் ஆகிவிட்டது. நாம் புதைத்ததை நாமே தோண்டி எடுக்கவும் வேண்டுமே.

யூனிட் பெயர் விலாசத்திலேயே இருக்கிறது என்கிறீர்கள், அதுதான் முதல் பிடி. அது 9 இன்ஜினியர் ரெஜிமென்ட்டாக இருந்தால் பாகிஸ்தான் பக்கத்து ஷகர்கர் பகுதி. பசந்தர் ஆற்றைத் தாண்டி டாங்கிகள் போக வெடிகளை அகற்றிப் பாதை போட்டது அவர்கள்தான், மறைவுக்குப் பிறகு பரம்வீர் சக்ரா (போரில் உச்ச வீர விருது) பெற்ற 21 வயது அருண் கேத்தர்பால் டிசம்பர் 16 அன்று இறந்ததும் அந்தச் சண்டையில்தான். ஆனால் கரும்பை வைத்து முடிவு கட்டாதீர்கள், பஞ்சாபில் பல இடங்களில் கரும்பு உண்டு.

காகிதப்பூச்சி:

லேமினேட் வேண்டவே வேண்டாம், தம்பியிடமிருந்து கடிதக் கட்டை வாங்கி வையுங்கள். சூட்டில் ஒட்டினால் திரும்பப் பிரிக்க முடியாது. செல்லோ டேப்பும் கூடாது, பசை மஞ்சளாகிக் காகிதத்தைத் தின்றுவிடும். பேனா மை தண்ணீர் பட்டால் ஓடிவிடும், அதனால் ஈரத் துணி ஆகாது. மடிப்பைப் பிரித்து, அமிலம் இல்லாத காகித உறையில் தட்டையாக வைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இடம் தெரிய இன்னொரு வழி. 56 ஏ.பி.ஓ. என்பது ஒரு ஊரே இல்லை. கடிதங்கள் டெல்லியில் உள்ள மத்தியத் தபால் நிலையத்துக்குப் போய், எந்த யூனிட் எங்கே என்ற பட்டியல்படி பிரிக்கப்படும். கிழக்குப் பக்கத்துக்கு 99 ஏ.பி.ஓ., கல்கத்தா வழியாக. ஆனால் முன்பக்கத்து வட்ட முத்திரையில் எஃப்.பி.ஓ. என்று போட்டு ஓர் எண் இருக்கும், அதுதான் களத்தில் இருந்த தபால் நிலையம். அந்த எண் எந்தப் படைப்பிரிவோடு இருந்தது என்று சொல்லக்கூடிய ராணுவத் தபால் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். ராஜ்பவன் ரோடு ஜி.பி.ஓ.வில் தபால்தலைப் பிரிவு இருக்கிறது, அங்கே கேட்டாலே ஆள் காட்டுவார்கள்.

மர்பி டவுன் மாமி:

சட்டம், முத்திரை எல்லாம் சரி. என் வீட்டுக்காரரும் பட்டாளம்தான், அவரும் இதே மாதிரிதான் எழுதுவார். தணிக்கைக்குப் பயந்து பாதி, நாம் பயப்படுவோம் என்று பாதி. கை நீளம் என்று எழுதியிருக்கிறாரே, அந்த இரண்டு வாரத்துக்கு அப்புறம் உயிரோடு இருக்கிறேன் என்று சொல்ல வேறு எப்படி எழுதுவதாம்? பாட்டிக்கு அது புரிந்திருக்கும், உங்களுக்குத்தான் போர்க் கதை வேண்டியிருக்கிறது.

பாட்டி எழுதிய பதில்கள் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறதா என்று தேடினீர்களா? 1971 நவம்பர் 15க்குப் பிறகு இங்கிருந்து போன கவரில் அகதிகள் நிவாரணம் என்று 5 பைசா தபால்தலை கூடுதலாக ஒட்டியிருக்கும், தேதி அழிந்திருந்தாலும் காலம் தெரிந்துவிடும்.

அல்சூர்வாசி:

எல்லோருக்கும் நன்றி. யூனிட் 9 இல்லை, வேறு எண். டிரங்குப் பெட்டி சித்தப்பா வீட்டில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை போகிறேன். பாட்டியிடம் தோட்ட வேலை பற்றிக் கேட்டேன், "கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு செடி நட்டதில்லை அந்த மனுஷன், எனக்கு அப்பவே தெரியும்" என்கிறார். முத்திரைகளைப் படம் எடுத்து இங்கே போடட்டுமா?

பழைய சாப்பர்:

யூனிட் எண்ணையும் முத்திரையையும் மட்டும் போடுங்கள். தாத்தாவின் ராணுவ எண்ணை மறைத்துவிடுங்கள். அதன் முன்னால் ஐ.சி., எஸ்.எஸ்., இ.சி. இவற்றில் எது இருக்கிறது என்று சொன்னால் போதும், நிரந்தரக் கமிஷனா (அதிகாரி நியமனமா), குறுகிய காலமா, அவசரக் கமிஷனா என்று தெரிந்துவிடும். எம்.இ.ஜி. மியூசியத்துக்கு ஒரு கடிதம் எழுதி அனுமதி கேளுங்கள், உங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தானே. கடிதங்களின் உள்பக்கத்தை இங்கே போட வேண்டாம், பாட்டி சம்மதித்தாலும்.