கூதிர்காலத்தில் தோட்டத்தில் தாமாகப் பூக்கும் பூக்களைப் படமெடுப்பது எப்படி?

கேள்வி (செங்கல்பட்டு வாசகி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டின் பின்புறத்தில் ஏறக்குறைய மூன்று சென்ட் நிலம் இருக்கிறது. ஐப்பசி மழை இரண்டு முறை நன்றாகப் பெய்து ஓய்ந்ததும், நாங்கள் விதைக்காத தும்பை, துத்தி, கானாவாழை, விஷ்ணுகிரந்தி, தாத்தாப்பூ ஆகியவை அங்கே முளைத்துப் பூக்கத் தொடங்கிவிட்டன. வேலியில் செங்காந்தளும் ஏறியிருக்கிறது. ஆண்டுதோறும் ஆளை வைத்து வெட்டிவிடும் நாங்கள் இந்த ஆண்டு அவற்றை விட்டுவைத்திருக்கிறோம். தினமும் அவற்றின் நடுவே சிறிது நேரம் நிற்பதே எனக்குப் பெரும் நிறைவாக இருக்கிறது.

ஆனால் படங்கள்தாம் சரியாக அமையவில்லை. பள்ளியில் வேலை முடிந்து மாலை நாலரை மணிக்கு நான் வீடு திரும்பும்போது கானாவாழையும் விஷ்ணுகிரந்தியும் மூடிக்கிடக்கின்றன. ஞாயிறு நண்பகலில் எடுத்தால் தும்பை வெறும் வெள்ளைத் திட்டாகவும், காந்தள் இதழின் நெளிவு எதுவும் தெரியாத சிவப்புக் குழம்பாகவும் பதிவாகின்றன. என்னிடம் கைப்பேசியும் ஒரு பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவும் இருக்கின்றன. இதற்கிடையே, பாம்பு அடையும் என்று சொல்லி எல்லாவற்றையும் வெட்டிவிடும்படி அப்பா வற்புறுத்துகிறார். உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

மறுமொழி 1 (மதுரை வாசகர்)

வணக்கம் அம்மா. கேமராவைப் பற்றிப் பேசுவதற்கு முன் பூக்களின் நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கானாவாழை விடியலில் விரிந்து, நண்பகலுக்குள் குழைந்து சுருங்கிவிடும். விஷ்ணுகிரந்தியும் காலை வெயிலோடு முடிந்துவிடுகிற பூதான். ஆகவே பள்ளிக்குப் புறப்படுமுன் கிடைக்கும் கால் மணி நேரத்தை இவை இரண்டுக்கும் ஒதுக்குங்கள். துத்தி இதற்கு நேர்மாறானது. அதன் மஞ்சள் பூ பிற்பகலில்தான் விரியும் என்பதால், நீங்கள் வீடு திரும்பும் வேளை அதற்குப் பொருத்தமானது. (கானாவாழைக்கு மண்ணுக்கு அடியிலும் பூக்கள் உண்டு, விரியாமலேயே தம்முள் மகரந்தச் சேர்க்கை நடத்தி விதை வைக்கின்றன. நாம் படமெடுப்பது அந்தச் செடியின் பாதிக் கதையைத்தான் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.)

தும்பை வெளுத்துப்போவதற்குக் காரணம், சுற்றியுள்ள கரும்பச்சை இலைகளைக் கணக்கில் கொண்டு கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடுவதே. கைப்பேசியின் திரையில் பூவின்மீதே விரலை வைத்துத் தொட்டு, தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். டிஎஸ்எல்ஆரில் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா தானாகக் கணிக்கும் வெளிச்ச அளவை நாம் கூட்டவோ குறைக்கவோ உதவும் அமைப்பு) −0.7 அல்லது −1 என வைத்துப் பாருங்கள். செடிக்குப் பின்னால் நிழல் விழுந்த சுவர் இருக்கும்படி நின்றால், ஒவ்வொரு பூவின் அகன்ற கீழுதடும் தெளிவாகப் பிரிந்து தெரியும். மழைக்கால மேகமூட்டத்தை வீணாக்காதீர்கள். நிழலை மென்மையாக்குவதில் அதற்கு ஈடான கருவி எதுவும் இல்லை. வெயிலில்தான் எடுக்க வேண்டுமென்றால், ஒரு வெள்ளைக் குடையைப் பூவுக்கு மேல் விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள்.

விஷ்ணுகிரந்தி தரையோடு படர்வதால், நின்றபடி எடுக்கும் படத்தில் அது நீலப் புள்ளியாக மட்டுமே விழும். சாக்கை விரித்துப் படுத்து, கைப்பேசியைத் தலைகீழாகப் பிடியுங்கள். லென்ஸ் தரையை ஒட்டி வந்து, பூவின் மட்டத்திலிருந்தே அதைப் பார்க்கும்.

மறுமொழி 2 (மூலனூர்ப் பக்கத்திலிருந்து)

எங்கள் பகுதியில் காந்தளைக் கண்வலிக்கிழங்கு என்போம். விதைக்காகப் பந்தல் கட்டிப் பயிரிடுகிறோம். இந்தப் பூவின் சூல்தண்டு அடியிலேயே மடங்கிப் பக்கவாட்டில் நீண்டு, மகரந்தப் பைகளை விட்டு விலகி நிற்கும். அதனால் காலையில் ஆட்கள் மகரந்தத்தைக் கையால் தொட்டு வைத்தால்தான் எங்களுக்குக் காய் நன்றாகப் பிடிக்கும். இந்த அமைப்பு நேர்முகமாக எடுக்கும் படத்தில் தெரியாது. பூவின் பக்கவாட்டில், அதன் உயரத்துக்குக் குனிந்து எடுங்கள். சிவப்பு குழம்பிப்போவதற்கும் மேலே சொன்ன மருந்துதான்: வெளிச்சத்தைக் குறையுங்கள்.

மொட்டு முதலில் பச்சையாக இருந்து, மஞ்சள் ஏறி, பிறகு விளிம்பிலிருந்து சிவந்து, கடைசியில் முழுச்சிவப்பாகும். ஒரே பூவை ஒரே இடத்தில் நின்று நாள்தோறும் எடுத்து வாருங்கள். அப்படி எடுத்த வரிசைதான் என்னிடம் உள்ளவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது. செடி முழுவதும், சிறப்பாகக் கிழங்கு, கொடிய நஞ்சு என்பதை மறந்துவிடாதீர்கள். கொல்சிசின் என்னும் அந்த நஞ்சு உயிரையே எடுக்கவல்லது. வீட்டில் குழந்தையோ ஆடோ இருந்தால் வேலியை நெருங்க விடாதீர்கள்.

மறுமொழி 3 (தஞ்சாவூர் வாசகி)

அப்பாவின் அச்சம் நியாயமானது, அதைத் தள்ளிவிடாதீர்கள். வீட்டுச் சுவரை ஒட்டியும் நடைபாதையின் இருபுறமும் செடிகளை வெட்டி, தரை தெரியும்படி வையுங்கள். செங்கல் குவியல் இருந்தால் அகற்றுங்கள். மீதி நிலத்தைப் பூக்களுக்கு விடலாம். கேரட் இலையைப் போலப் பிளந்த இலையும் சிறு வெள்ளைப் பூக்கொத்தும் உள்ள பார்த்தீனியம் கண்ணில் பட்டால் மட்டும், பூப்பதற்கு முன்பே கையுறை அணிந்து வேரோடு பிடுங்கிவிடுங்கள். அது தோலுக்கும் மூச்சுக்கும் ஒவ்வாமை தருவது.

கேட்டவரின் பதில்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை ஆறரை மணிக்குச் சாக்கை விரித்துப் படுத்தேன். விஷ்ணுகிரந்தியின் ஐந்து பூக்கள் ஒரே படத்தில் தெளிவாக விழுந்தன. ஒன்றின்மேல் ஒரு சிற்றெறும்பும் இருந்தது. சுவரோரத்தை வெட்டித் தர அப்பாவே முன்வந்திருக்கிறார். வேலியில் இன்னும் பச்சையாக இருக்கும் காந்தள் மொட்டு ஒன்றைக் குறித்துவைத்து, நான் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு செங்கல்லைப் பதித்திருக்கிறேன்.